ஐஸ் பெட்டியில் வரும் இரத்தம்

தெற்கே ஒரு சிறு வைத்தியசாலையில் எடுக்கப்படும் இரத்தம் கல்முனையில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு மீன் பெட்டியில்தான் வரும். வெள்ளை ரெஜிபோம் பெட்டி, அதற்குள் உடைத்த ஐஸ், ஐஸுக்குள் புதைத்த குழாய்கள். காலையில் எடுத்தது மதியத்தை ஒட்டித்தான் வந்து சேரும். பழுதாகக்கூடிய எதையும் ஐஸில் போடுவது இந்தக் கரையின் பழக்கம். அதில் பிழை இருக்கலாம் என்று எனக்கும் முதல் இரண்டு வருடம் தோன்றவில்லை.

தெற்கே கோமாரி என்ற ஊரில் இருந்து வரும் ஒரு அம்மாவால்தான் தோன்றியது. சிறுநீரக நோயாளி. பெட்டியில் வரும் அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் மாதாமாதம் ஆபத்தான அளவில் காட்டும். உண்மையானால் இதயம் நின்றுவிடக்கூடிய அளவு என்பதால் உடனே அழைப்போம். அவர் பஸ் ஏறி வருவார். இங்கே புதிதாக எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். வாழைப்பழம், இளநீர் என்று பொட்டாசியம் கூடிய எதையோ உட்கொண்டிருப்பார் என்று டொக்டர்மார் ஏசி அனுப்புவார்கள்.

ஒருநாள் என் கையில் இருந்தே இரண்டு குழாய் இரத்தம் எடுத்தேன். ஒன்றை ஐஸில் புதைத்தேன், மற்றதை மேசையில் வைத்தேன். நான்கு மணித்தியாலம் கழித்து இரண்டையும் பார்த்தேன். ஐஸில் இருந்தது மட்டும் உயர்ந்திருந்தது. மெசினில் சுற்றி அணுக்களைப் பிரித்தெடுக்காத இரத்தம் நெடுநேரம் குளிரில் இருந்தால் அந்த அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். நிறம் மாறாது, ஆகவே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, நானே பரீட்சைக்குப் படித்தது. ஐந்து முறை திரும்பச் செய்து கொப்பியில் எழுதினேன்.

மாதம் ஒருமுறை சுற்றுவட்டார ஆய்வுகூடக்காரர்கள் கூடுவோம். சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முதல் கூட்டத்தில் என் முறை வந்தபோது, "ஒண்டுமில்ல சேர்" என்றேன். இரண்டாவதிலும் அதைத்தான் சொன்னேன். சொல்லாததற்கான காரணங்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். நான் அங்கே எல்லாரிலும் இளையவள். பிழை என்று சொன்னால் அவர்கள் பல வருடமாகக் கொடுத்த ரிப்போர்ட்டுகளைப் பிழை என்பதாகும். மூன்றாவது காரணத்தை எழுதி வெட்டிவிட்டேன். அது வெறும் பயம்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, ஊசி குத்த இடம் தேடிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்: "வீட்டச் சுத்தித் தென்ன மரம், மிஸ். ஒரு இளநி குடிச்சு ஆறு மாசம். இன்னும் எத விடச் சொல்றீங்க?"

"உங்களில பிழ இல்லம்மா," என்றேன். "ஐஸில வாறதாலதான் கூடக் காட்டுது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இத உங்கட பெரியாக்களுக்கிட்டச் சொல்லல்லியா, புள்ள?"

மூன்றாவது கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கொப்பியில் எழுதியிருந்த அளவுகளையும் வாசித்தேன். கூட்டத்தை நடத்தும் மூத்தவர் சிரித்தார்.

"தங்கச்சி, இருவத்தஞ்சு வருஷமா ஐஸிலதான் கொண்டு வாறம். இண்டைக்கு வரைக்கும் ஒரு மீனும் பழுதாகல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "ஐஸில்லாம இந்த வெயிலுக்க கொண்டு வந்தா ரெத்தம் சூப்பாகிரும், சேர்."

"ஐஸ் படாம வெச்சி, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அனுப்பினாப் போதும்," என்றேன். "இல்லாட்டி அங்கேயே சுத்திப் பிரிச்சிட்டு அனுப்பலாம்."

"இது ஆர்ர ரெத்தம்?" என் கொப்பியைக் காட்டி மூத்தவர் கேட்டார்.

"என்ட ரெத்தம்தான், சேர்."

"ஒரு ஆள்ர ரெத்தத்த வெச்சிச் சட்டம் போடேலா புள்ள. எழுத்தில தாங்க, மேல அனுப்புவம், இன்ஷா அல்லாஹ்."

பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சாப்பாட்டுப் பார்சலும் வந்திருந்தது. எழுத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு குறிப்புகளாகப் போட்டேன். ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதற்குக் கீழே ஒருவர் ஜும்ஆ முபாரக் என்று வெள்ளிக்கிழமை வாழ்த்தோடு பூப்படம் ஒன்றை அனுப்பினார். அதன்பிறகு குழுவில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

இரத்தம் அனுப்பும் வைத்தியசாலைக்கே போன் எடுத்தேன். அங்கே வேலை செய்பவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியா இரிக்கும், மிஸ். ஆனா ஐஸில்லாம வந்தா எடுக்க மாட்டம் எண்டு உங்கட கதவிலதானே ஒட்டியிரிக்கி."

ஓம், ஒட்டியிருக்கிறது. நான் வேலைக்கு வந்த முதல் வாரம், கையெழுத்து அழகு என்று என்னிடம் தந்து எழுதுவித்தது. "ஐஸ் இன்றிக் கொண்டுவரப்படும் மாதிரிகள் ஏற்கப்படமாட்டா." எழுதியது நான்தான். ஆனால் கழற்ற மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் கோமாரி அம்மாவின் அளவு முன்னெப்போதையும் விட உயர்ந்து வந்தது. போன் எடுத்தேன்.

"கோவிக்க வேணாம், மிஸ். இந்த முற நான் வரல்ல. நீங்கதானே சொன்னீங்க, ஐஸாலதான் எண்டு."

"இந்த முற நிறையக் கூடம்மா. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க."

"ஒவ்வொரு முறையும் இதத்தானே சொல்றீங்க."

அது ஐஸ் காட்டிய அளவா, அவருடைய உடம்பு காட்டிய அளவா என்று அவரைத் திரும்பப் பரிசோதிக்காமல் என்னால் சொல்ல முடியாது. தொழிலில் உள்ளவர்களிடம் சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. நோயாளி ஒருவரிடம் சொன்னது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாலையில் மறுபடி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான். அந்த வைத்தியசாலையில் விசாரித்தபோது, அவர் கிளினிக் பக்கம் வரவில்லை என்றார்கள்.

இன்றைக்கும் பெட்டி வந்தது. ஐஸை ஒதுக்கிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளைத் துடைத்து, பெயர் பெயராகப் பார்த்தேன். அவருடையது இல்லை. பொட்டாசியம் கேட்டிருந்த ஆறையும் மெசினில் வைத்தேன். நான்கு உயர்ந்து வந்தன. நான்கு பேருக்கும் போன் எடுத்து, ஐஸைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், உடனே வரச் சொன்னேன்.