முதல் ஊசி அவனுக்கு

கத்திரி என்றால் அந்தத் தெருக்களில் தெரியாதவர்கள் இல்லை. தையல் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் நின்றவள் அவள். ஆனால் பெயர் வந்தது அவள் நாக்கைப் பார்த்துத்தான். நான்கு பெண்களில் கடைசி. மூத்தவள், முதல் புருஷனை விட்டு இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்தவள், கம்பவுண்டரைக் கட்டிக்கொண்டாள். கம்பவுண்டர் என்பதும் பட்டப்பெயர்தான். ஏதோ ஒரு கிளினிக்கில் தரை துடைத்தவன், நரம்பு பார்க்கக் கண்ணாலேயே கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குப் போதை ஊசி போட்டுவிடுவதில் தேறிவிட்டான்.

அவன் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஊசி அவனுக்கு. அதையே தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பெண்களுக்குப் போடுவான். யாராவது புது ஊசி கொண்டுவந்தால் முகம் தொங்கிப்போகும். "என்னைச் சந்தேகப்படுறியா?" என்பான். சந்தேகம் இல்லை என்று காட்டத்தான் பெண்கள் அந்தப் பழைய ஊசிக்குக் கையை நீட்டினார்கள். அதற்குப் பாசம் என்று பெயர். அக்கா நீட்டினாள். அக்காவைப் பார்த்துக் கத்திரியும் நீட்டினாள்.

அக்கா எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனாள். அதன் பிறகுதான் கத்திரி ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். எச்.ஐ.வி. இருந்தது. அந்தச் சோதனைத் தாளோடு அவள் போய் நின்றபோது, சுவரில் சாய்ந்துகொண்டு கம்பவுண்டர் சொன்னான்: "எனக்கு இருக்குன்னு முன்னாடியே தெரியும். சொன்னா உங்க அக்கா விட்டுட்டுப் போயிருப்பா."

கத்திரி துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்கி வைத்தவள், போதையில் சிக்கிய பெண்களுக்கான மையத்தில் அவளுக்கு எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்துவந்த நர்ஸ். "நீ ஜெயிலுக்குப் போயிருவ. அவன் போனா, அவன் இடத்துல இன்னொருத்தன் உட்காருவான்," என்றவள், ஒரு வேலையும் சொன்னாள். ஊசிப் பழக்கம் உள்ள பெண்களிடம், அந்தப் பழக்கத்தில் கிடந்தவளே போய்ப் பேசவேண்டும். புது ஊசியும் ஆணுறையும் கொடுக்கவேண்டும். சோதனைக்குக் கூட்டிவரவேண்டும்.

"புண்ணியத்துக்கு வரல சிஸ்டர். அவன் முன்னாடி இனி ஒரு கை நீளக் கூடாது. அதுக்குத்தான் வரேன்," என்றாள் கத்திரி.

கம்பவுண்டர் அறை இருந்த கட்டடத்தின் படிக்கட்டிலேயே பையோடு உட்கார்ந்தாள். ஏறுகிற பெண்களை மறித்தாள்.

"நீ பல் தேய்க்கிற பிரஷ்ஷை அவனுக்குக் குடுப்பியா?"

"சீ, அசிங்கம்."

"பல்லுக்கு இருக்கிற ரோஷம் ரத்தத்துக்கு இல்லியாடி?"

சிரித்தபடி வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. திட்டிவிட்டு ஏறி, இறங்கும்போது வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. சிலர் மேலே போவதையே நிறுத்தினார்கள். அப்படி ஒருத்தி நின்றால் போதும், கத்திரி அண்ணாந்து ஜன்னலைப் பார்த்துக் கூப்பிடுவாள்: "என்ன அத்தான், இன்னிக்குக் கூட்டம் கம்மியா?" அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசிக்கும்.

மசியாதவள் ஒருத்திதான். அக்காவின் மகள். வளர்ந்து, சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்ததும் நேராக மேலே போனாள்.

"உனக்குச் சித்தப்பா மேல வஞ்சம், சித்தி. அதுல என்னை ஏன் இழுக்கிற?"

மற்றவர்களுக்குச் சொன்னதையெல்லாம் கத்திரி அவளுக்கும் சொல்லிப் பார்த்திருந்தாள். அன்றைக்கு அதில் எதையும் சொல்லவில்லை. ஒரு புது ஊசியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வஞ்சம்தான். இல்லேன்னு சொல்லல. நீ அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. இன்னிக்கு நான் முதல்ல போட்டுக்கறேன், அதே ஊசியில அப்புறம் நீங்க போட்டுக்கங்கன்னு கேளு. பாசம்தானே? மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

மகள் முறைத்துவிட்டு ஏறினாள். கத்திரி எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டாள். உள்ளே இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் காதுபடவே மகள் கேட்டாள். கம்பவுண்டர் முதலில் சிரித்தான். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறிவிட்டது.

"கண்டவ ரத்தத்தை நான் ஏன் ஏத்திக்கணும்?"

"என்னைச் சந்தேகப்படுறீங்களா சித்தப்பா?"

முதலில் வெளியே வந்தவர்கள் மற்ற இருவர். கடைசியாக மகள் வந்து படியில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா ஒரு நாளாவது இதைக் கேட்டிருப்பாளா, சித்தி?"

"அவளுக்கு அவன் மேல நம்பிக்கை. கேக்கத் தோணியிருக்காது."

மறுநாள் கத்திரி அவளைச் சோதனைக்குக் கூட்டிப்போனாள். மகளுக்கு ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் நிச்சயம் என்றாள் நர்ஸ். அப்போதும் ஒன்றும் இல்லை. பழக்கம் உடனே விடவில்லை. விட மருந்து உண்டு என்று நர்ஸ் அதையும் தொடங்கிவைத்தாள். இனி எந்த ஊசியானாலும் அவளுக்கென்று தனி ஊசிதான்.

மேலே ஏற ஆள் இல்லாமல் போனதும் கம்பவுண்டர் மூட்டை கட்டினான். படியில் கத்திரியைத் தாண்டும்போது நின்றான்.

"திருப்தியா உனக்கு?"

"ஆஸ்பத்திரியில உங்களுக்கும் மாத்திரை இருக்கு. போய் வாங்கித் தின்னுங்க அத்தான். ரொம்ப நாள் இருக்கணும் நீங்க. ஒருத்திகூட வராத அறையில ரொம்ப நாள் உட்கார்ந்திருக்கணும்."

எந்தத் தெருவுக்குப் போகிறான் என்று, மூட்டையை ஏற்றிய வண்டிக்காரனிடம் விசாரித்து வைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே அங்கே போனாள். அந்தத் தெருப் பெண்களுக்கு அவளைத் தெரியாது. குழாயடியில் ஒருத்தி, வெயிலிலும் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரி பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு யாரும்மா போட்டு விடுறது?" என்று கேட்டாள்.