புகார் போனை எடுத்தவர்

ஆனந்தமேரி அக்காவின் குரலைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் அவர்தான் முதல் குரல். அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் பாட்டு நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டேன். நாடகத்தை எழுதியது நான். அந்தத் திமிர் அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கதை ஒரு கேன் தண்ணீர் கம்பெனியைப் பற்றியது. போன வருஷம் ஊரே காறித்துப்பிய விவகாரம். போர்வெல் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் அப்படியே கேனில் பிடித்து, போலிச் சான்றிதழ் காட்டி விற்றார்கள். தெருத்தெருவாக மஞ்சள்காமாலை. நான் முதலாளியைப் பட்டு ஜிப்பாவில் ஆடவிட்டேன், மேனேஜரை ஜால்ரா தட்டவிட்டேன். அக்காவுக்குப் புகார் போனை எடுக்கும் பெண் வேஷம்.

அந்தக் கம்பெனியில் அதே வேலையை அவர் மூன்று வருஷம் பார்த்தவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் கோயிலில் தலைகாட்ட முடியாது என்று பயந்து மறைத்துவிட்டார். பாட்டுத் தாளைக் கொடுத்ததும் முகம் வெளிறிப்போய், வேறு வேஷம் இருக்கிறதா என்று கேட்டார். பிகு பண்ணுகிறார் என்று நினைத்து நான் விடாப்பிடியாக நின்றேன்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அரங்கில் நாடகம் நடந்தது. மேடையில் போன் மணி அடித்தது. நான் எழுதியதை விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில், "வணக்கங்க, சொல்லுங்க மேடம், நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அக்கா. அத்தனை இதம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் பாடிக்கொண்டே புகார்களை ஒரு பெரிய நோட்டில் எழுத, முதலாளி ஒவ்வொரு தாளாகக் கிழித்துச் சுருட்டிக் காது குடைந்தார். கைதட்டல் ஓயவில்லை.

முடிந்ததும் ஒரு பெண் மேடையேறி வந்தாள். கருவடிக்குப்பத்துக்காரி, பெயர் துர்கா. பாராட்டத்தான் வருகிறாள் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி அக்காவிடம் போனாள்.

"தண்ணி நாறுதுன்னு நாலு தடவ போன் பண்ணேன். நாலு தடவையும் இதே குரல்தான் எடுத்துச்சு. என் பொண்ணு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. பொழச்சதே பெரும்பாடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் தெரியாமல் பேசுகிறாள், இது வெறும் நாடகம் என்று குறுக்கே புகுந்தேன். அக்கா என்னை விலக்கினார்.

"நாந்தாம்மா எடுத்தேன்."

துர்கா சண்டைக்குப் போகவில்லை. தான் சொன்னதை எழுதிய தாளையும் நிஜமாகவே இப்படித்தான் கிழித்தார்களா என்று மட்டும் கேட்டாள்.

"நோட்டெல்லாம் இவரு எழுதுன கதம்மா. அங்க நோட்டே கெடையாது. பொறுமையா கேட்டுக்கிட்டு போன வச்சிடணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

துர்கா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியைக் கிழித்துத் தொங்கவிட்டதாக நினைத்திருந்த நான், முதலாளி காது குடைந்து போட்ட தாள்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.