மச்சான் ஊதாத இரண்டாவது விசில்

என் மனைவியின் அண்ணன் கழுத்தில் அப்போதெல்லாம் ஒரு சிவப்பு விசில் தொங்கும். பெரிய விசில் ஒன்றும் இல்லை, சயான் ஸ்டேஷன் வாசலில் நடைபாதைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சாமான். அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, சட்டைக்கு வெளியே நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி போட்டிருப்பார். மழைக்காலம் நாலு மாதமும் அது அவர் கழுத்தை விட்டு இறங்காது. விசேஷ வீட்டுக்கு வந்தாலும் அதோடுதான் வருவார். "டிராபிக் ஹவால்தார் வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று நாங்கள் கேலி செய்தால், விசிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். நான் அவரை மச்சான் என்பேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் என்னை வாங்க, போங்க என்று தவிர வேறு மாதிரிப் பேசியதில்லை. நான் அவர் வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தவர், டிரைவிங் படித்து, சயானில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டப் போனார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேனை ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டால், கர்ஜத் பக்கம் மலைக்குக் கூட்டிப்போய், அருவியில் குளிக்கவைத்து, பாறையில் குடைந்த பழைய குகைகளைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். ஓட்டுவதும் அவர்தான், வழிகாட்டுவதும் அவர்தான். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடை எப்போது நிரம்பும் என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்களோடு மூன்று மழைக்காலம் அலைந்து தெரிந்துகொண்டவர். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும். ஏறாவிட்டால் பக்கத்தில் வந்து இரண்டாவது முறை ஊதுவார். அதற்கும் ஏறாவிட்டால், யாராக இருந்தாலும் சரி, கையைப் பிடித்து இழுத்து வெளியே போடுவார். ஒரு பெரிய கம்பெனி மேனேஜரைப் பனியனைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்காரவைத்தாராம். மனிதர் கத்து கத்தென்று கத்திவிட்டு, அரைமணி நேரம் கழித்து அந்த இடத்தில் தண்ணீர் பாய்ந்த வேகத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனாராம். அடுத்த தீபாவளிக்கு அந்த மேனேஜர் வீட்டிலிருந்து மச்சானுக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தது. அந்த டப்பாவில் மச்சானுடைய அம்மா ரொம்ப நாள் கடுகு போட்டு வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆள் என் முன்னால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பெண்ணைக் கட்டிய வீட்டில் மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை அப்படி. தாராவியில் அவர்கள் இருந்தது ஒரே ஒரு அறை, அதற்கு மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி. அந்த அறைக்குள் நான் நுழைந்ததும் ஃபேன் என் பக்கம் திரும்பும். கறியில் நல்ல துண்டாக எனக்கு விழும். நான் ஏதாவது தப்பாகச் சொன்னாலும் "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மச்சான் முடித்துவிடுவார். ஒரு தடவை, வாஷிக்குப் போகிற ரயிலே மாட்டுங்கா வழியாகத்தான் போகும் என்று நான் அடித்துச் சொன்னேன். பம்பாயிலேயே பிறந்த மனிதர், அந்த வழியாகப் போகாது என்று தெரிந்தும் தலையாட்டினார். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. செம்பூரில் என் அப்பா வீட்டில் யாரும் என்னை அப்படித் தூக்கி வைத்ததில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம், ஐரோலியில் உள்ள என் ஆபீஸ் டீமைக் கூட்டிக்கொண்டு மச்சான் காட்டும் அந்த அருவிக்குப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். டீம் லீட் வேலை காலியாக இருந்தது. அது எனக்கு வர வேண்டும் என்று உள்ளுக்குள் பறந்துகொண்டிருந்தேன். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப்போய்ச் சந்தோஷப்படுத்தினால் மேலே நல்ல பெயர் என்று கணக்குப் போட்டேன். மச்சானிடம் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. டிராவல்ஸ் முதலாளியிடம் சண்டை போட்டு நல்ல வேனாக வாங்கினார். புது சீட் கவர் போட்டார். பதினொரு பேருக்கும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தார். எல்லோரும் ஏறுவதற்கு முன் என்னை வேனுக்குப் பின்னால் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, ஆபீஸ்காரங்க முன்னால உங்கள எப்படிக் கூப்பிட?" என்று கேட்டார். கேட்டதே பெரிய மனசு. "அட, எப்படி வேணாலும் கூப்பிடுங்க மச்சான்" என்றேன். ஆனால் சொல்லும்போது என் கண் ஆபீஸ்காரர்கள் நின்ற பக்கம் போனதை அவர் பார்த்துவிட்டார். அன்று நாள் முழுக்க ஆபீஸ்காரர்கள் காதுபட அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். என் மனைவியின் அண்ணன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த ஆள், நம்பலாம் என்று மட்டும் சொன்னேன். தூ, என்ன ஒரு பெருந்தன்மை!

கர்ஜத்தில் வடாபாவ் சாப்பிட்டு, வயல் வரப்பில் நடந்து, காட்டுக்குள் ஏறினோம். மச்சான் முன்னால் போனார். வழுக்குகிற இடங்களில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தபின் குகை வந்தது. அந்தக் காலத்தில் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்காகப் பாறையை வெட்டிச் செய்த மண்டபம். மேலேயிருந்து தண்ணீர் குகையின் முகப்பை மறைத்துக்கொண்டு விழும். உள்ளே நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மொத்தக் காடும் பச்சையாக ஆடும். தூண்களைத் தொட்டுக் காட்டி, கல்லில் மர உத்திரம் மாதிரி செதுக்கியிருப்பதை மச்சான் ஹிந்தியில் சொல்லச் சொல்ல, எங்கள் டீமில் வாய் ஓயாத இரண்டு பேர்கூட ஓய்ந்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியாதபடி நானே பண்ணி வைத்திருந்தேன்.

குகைக்குக் கொஞ்சம் கீழே ஓடை ஒரு குட்டையாகத் தேங்குகிற இடத்தில் எல்லோரும் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். சிரிப்பும் கூத்துமாக இருந்தது. என்னை நடுவில் நிற்கவைத்து எல்லோரும் தண்ணீர் அடித்தார்கள், எங்கள் ஆபீஸ் மேனேஜர் உட்பட. முக்கால் மணி நேரம் போயிருக்கும். விசில் சத்தம் கேட்டது. மச்சான் கரையில் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேல் வெயில்கூட லேசாக அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கலாமா, ஏறலாமா என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் அசையவில்லை. மச்சான் பேண்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்து, மெதுவாகத் தமிழில் சொன்னார்: "மாப்பிள்ளை, மேல மழ பிடிச்சிட்டு. தண்ணி வரத்து கூடும். எல்லாரையும் கொஞ்சம் கரையேறச் சொல்லிருங்களேன்." எனக்காகத்தான் தமிழில் சொன்னார். என் ஆட்களுக்கு முன்னால் எனக்கு உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது, நானே சொல்லி நானே கூட்டிப்போன மாதிரி இருக்கட்டும் என்று.

"க்யா போல் ரஹா ஹை?" என்று, மச்சான் என்ன சொல்கிறார் என்பதை மேனேஜர் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னேன்: "இன்னும் அஞ்சு நிமிஷம் குளிக்கலாமாம்."

எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். மச்சானுக்கு ஹிந்தி எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். விசில் கை வரைக்கும் வந்தது, வாய் வரைக்கும் போனது. அதை ஊதினால் என்ன ஆகும்? பத்துப் பேர் முன்னால் அவர் வீட்டு மாப்பிள்ளை பொய்யன் என்று ஆகும். விசிலை இறக்கிவிட்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முகத்தை மறந்துவிட்டேன். அந்த முகத்தை மட்டும் மறக்க முடியவில்லை. அவர் கரைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. தண்ணீர் வருகிற திசையில் எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. சுள்ளியும் இலையுமாக மிதந்து வந்தது. அப்புறம் மச்சான் விசிலும் ஊதவில்லை, மரியாதையும் பார்க்கவில்லை. "பாஹர்! பாஹர்!" என்று, வெளியே ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் தள்ளினார். என்னையும்தான் தள்ளினார், முதுகில் பலமாகவே. ஒன்பது பேர் ஏறிவிட்டோம். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த மராத்திப் பெண் ஒருத்தி பாறை இடுக்கில் கால் மாட்டி விழுந்தாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு மேனேஜர் அலறினார். மச்சான் மூழ்கி அவள் காலை விடுவித்து, இரண்டு பேரையும் கரையில் சேர்த்தார். அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அந்த ஒரு மணி நேரப் பாதை முழுவதும், மழையில், அவளை முதுகில் சுமந்து இறங்கியது மச்சான்தான். நாங்கள் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தோம்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நடந்ததை மெயிலில் எழுதச் சொன்னார். டிராவல்ஸுக்கும் ஒரு காப்பி போகும் என்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். குகை, மழை, விபத்து, எல்லாம் சரியாகவே எழுதினேன். நடுவில் ஒரு வரி: வழிகாட்டி எங்களை உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை. அதை எழுதும்போது என் கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நடுங்கவில்லை. டீம் லீட் வேலையை நினைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்த்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் வேலை எனக்கு வந்தது. அதற்குள் மச்சானை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆள் காலை ஒடித்த கைடு என்று சயான், செம்பூர் டிராவல்ஸ் எல்லாவற்றுக்கும் பேச்சு பரவியது. பிறகு யாரும் அவரை மலைக்கு அனுப்பவில்லை. முதலாளி கேட்டதற்கு "என் தப்புதான் சேட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. தாராவியிலிருந்து வாஷிக்குப் பை மூட்டை ஏற்றுகிற டெம்போ ஓட்டத் தொடங்கினார். இன்று வரைக்கும் அதுதான்.

இதைவிடக் கேவலம் வீட்டுக்குள் நடந்தது. என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனின் கவனக்குறைவால் புருஷனுக்கு ஆபீஸில் தலைகுனிவு என்று அவள் நினைத்தாள். அண்ணனைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "உன்னை நம்பித்தானே கூட்டிட்டு வந்தாக? விளையாட்டாப் போச்சா உனக்கு?" என்று திட்டினாள். என்னிடம், "ஏங்க, எங்க அண்ணன மனசுல வச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டாள். நான் என்ன செய்தேன்? "சரி விடு" என்றேன். மன்னித்துவிட்டேனாம்! பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நான் பெருந்தன்மைக்காரன், அவர் பொறுப்பில்லாதவர்.

போன மாதம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மகள், "மாமா, எங்க கிளாஸ் பிரெண்ட்ஸ் எல்லாம் வாட்டர்ஃபால்ஸ் போறாங்க, நீங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து என் மனைவி, "உங்க மாமாவா? ஒரு பொண்ணு கால ஒடிச்சது போதாதாக்கும்?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். மச்சானும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ ஸ்டாண்டில் அவரைத் தேடிப் போனேன். மெயிலில் எழுதியதைச் சொன்னேன். அவர் டெம்போவில் மூட்டை கட்டிய கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "தெரியும் மாப்பிள்ளை" என்றார். முதலாளி அன்றைக்கே போனில் மெயிலைக் காட்டி, வரி வரியாகப் படித்துச் சொன்னாராம். "அப்ப ஏன் மச்சான் ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "யார்கிட்டச் சொல்ல? தங்கச்சிகிட்டயா? அவ என்னத் திட்டுனா ரெண்டு நாளு. உங்கள வெறுத்தா ஆயுசுக்கும் அழுவா. விடுங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க" என்றார். அப்புறம் தோளைத் தட்டி, டீ குடிக்கக் கூட்டிப்போனார். இந்த மனிதரைத்தான் நான் ஆபீஸ்காரர்களிடம் 'தெரிந்த ஆள்' என்றேன்.

சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதில் எனக்கு எவ்வளவு வசதி என்று வீட்டுக்கு வருகிற வழியில் ரயிலில் புரிந்தது. அவருக்குக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு செத்துப்போகிற வரைக்கும் நல்லவனாக இருந்துவிடலாம். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இதுவரை உள்ளதை எழுதி, இன்று காலை என் மனைவியிடம் கொடுத்தேன். தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்தவள், வேகமாகப் படிப்பாள். இதை மெதுவாகப் படித்தாள். சில பக்கங்களைத் திரும்பவும் படித்தாள். அழுவாள், கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"எங்க போறே?"

"அண்ணனப் பாக்க."

"நானும் வரட்டுமா?" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா அவன் உண்மையச் சொல்ல மாட்டான்."