பள்ளத்தில் தேங்கிய கூதல்

காற்றைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்முனைக்குடிக் கடற்கரையில் பிறந்து, வாப்பாவோடு தோணி ஏறி, பிறகு சொந்தத் தோணி வைத்தவன் நான். அடுப்புப் புகை போகிற போக்கைப் பார்த்தே இன்றைக்குக் கடலுக்கு இறங்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம்தான் என் மனைவியைப் போட்டு வதைத்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது நுவரெலியாவுக்கு அங்கால், மலைக்குள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். எத்தனையோ வருஷம் எதிர்பார்த்துக் கிடந்த நியமனம். கடிதம் வந்த அன்று அவள் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு பக்கத்து வளவு வரைக்கும் கேட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குக் குடி போவான். "பொஞ்சாதி இரிக்கிற இடந்தானே நமக்கு வீடு" என்று நானும் வெளிக்கிட்டேன். மாரிக் கடல் வேறு. தோணி எப்படியும் கரையில்தான் கிடக்கும்.

வீடு பார்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். கூதல் பட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் மலைக்கு மேலே. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வீடு இருந்தது. போய் நின்றேன், காற்று முகத்தில் அடித்தது. சரிவராது என்று இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் கூதல் என்றால் அது வாடைக்காற்றோடு வருவது. காற்றுப் படாத பக்கம் ஒதுங்கினால் கூதலும் இல்லை. கீழே ஆற்றோரம், நாலு பக்கமும் மலை மறைத்த பள்ளத்தில் இன்னொரு வீடு. அதன் அடுப்புப் புகை கூரைக்கு மேலே கொஞ்சம் எழும்பி, பாய் விரித்த மாதிரி அப்படியே படுத்துக் கிடந்தது. ஒரு பொட்டுக் காற்றில்லை.

"இந்தா புள்ள, ஒனக்கெண்டே கட்டின வீடு" என்றேன்.

கரட் பாத்தியில் நின்ற தோட்டக்காரர் மட்டும், "மேல வீடு பாருங்க தம்பி, பள்ளத்துல குளிர் வந்து தேங்கும்" என்றார். தேங்குவதற்குக் கூதல் என்ன வெள்ளமா? மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் அல்லவா நான்!

தை பிறந்தது. இரவில் வானத்தில் ஒரு முகில் இருக்காது. நட்சத்திரம் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும். விடிந்து பார்த்தால் கரட் இலையெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. சுபஹுத் தொழுகைக்கு ஒழுச் செய்யத் தண்ணீரில் கை வைத்தால் விரல் என்னுடையதுதானா என்று சந்தேகம் வரும். அவள் போர்வைக்குள் குந்தியிருந்து மூச்சு வாங்குவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். நான் அடுப்பில் இன்னும் இரண்டு விறகைச் செருகுவேன். அந்தப் புகையும் எங்கே போவது? மூடுபனியோடு சேர்ந்து வீட்டைச் சுற்றியே நிற்கும்.

"மச்சான்... தண்ணி... சூடா" என்பாள். மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. கலகலவென்று கதைக்கிற பெண் அவள்! யா அல்லாஹ், என் நெஞ்சு பட்ட பாடு.

வாய் வைத்து அடிக்கிற பம்ப் ஒன்று முடிய அடுத்தது வாங்கினோம். டொக்டர், கூதல் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கூதல் எங்கே படுகிறது? வேறெங்கே, மேலேதான். மலையில் காற்று, ஏற்றம், சோக்குத் தூள். பள்ளிக்கூடம்தான் இவளைக் கொல்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"அங்க எனக்கு ஒண்டும் இல்ல மச்சான். நல்லாத்தான் இரிக்கன்" என்று அவள் எத்தனையோ தரம் சொன்னாள்.

"பொய் செல்லாத. வேல போயிரும் எண்டு மறைக்காய்."

ஒரு கிழமை விடாமல் நச்சரித்தேன். "ஒனக்கு ஒன்ட உசிர் பெரிசா, வேல பெரிசா?" என்று கத்தியும் விட்டேன். கடைசியில் அவள் களைத்துப்போனாள். வேலையை விடுகிறேன் என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு வரிதான். அதை எழுதி முடிக்க அவளுக்கு ஒரு பின்னேரம் எடுத்தது. நான் ஊருக்குப் போக உடுப்பு அடுக்கினேன். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் விடியும் முன்னே, வெள்ளாப்பிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள். மேசையில் கடிதம் கிடந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு சுவெட்டர் போட்டு, காதை மூடித் தொப்பி போட்டு, கடிதத்தோடு மலை ஏறினேன். பாதை முழுக்க மூடுபனி. முன்னால் ஒரு முழம் தெரியாது. மேலே போகப் போகக் கூதல் கூடும், பல்லைக் கடித்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில் ஒரு வளைவு. அதைத் தாண்டினேன், வெயில்!

பனி அந்த இடத்தோடு சரி. கத்தியால் வெட்டினது போல. வானம் நீலமாகக் கிடந்தது. பத்து அடி நடந்திருக்க மாட்டேன், தொப்பியைக் கழற்றினேன். இன்னும் பத்து அடியில் ஒரு சுவெட்டர். பிறகு மற்றதும். காற்று வீசத்தான் செய்தது. உடம்புக்கு இதமாக வீசியது. திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாய் நிரம்பி நின்றது. அந்தக் கூதலுக்கு அடியில்தான், தேடித் தேடிப் பிடித்து, என் பெண்ணைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். தோட்டக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

பள்ளிக்கூடம் தெரிவதற்கு முன்னமே சத்தம் கேட்டது. ஏழாம் வாய்பாடு. அவள் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். அவளுடைய முழுச் சத்தம்! இந்த மலைக்கு வந்து அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. படியில் குந்திக்கொண்டு அழுதேன். ஆம்பிளை அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என்னைக் கண்டு ஓடி வந்தாள். "என்ன மச்சான்? ஊர்ல ஆருக்கும் ஏதுமா?"

"ஒண்டுமில்ல. நீ கடிதத்த மறந்திட்டுப் போயிட்டாய்."

"மறக்கல்ல" என்றாள். தலை குனிந்தது. "கொண்டுபோக ஏலாமப் போச்சு." பிறகு கையை நீட்டினாள். "தாங்க. குடுக்கன்."

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிழை என்ட, புள்ள. ஒன்ட நெஞ்ச இழுக்க வச்சது பள்ளிக்கூடமில்ல, நான் பாத்த வீடு. நீ போய்ப் படிப்பி. நான் இஞ்ச மேலயே ஒரு வீடு தேடப் போறன்."

அவள் என் முகத்தை நம்பாமல் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள். ஏழாம் வாய்பாட்டை முதலிலிருந்தே திரும்பத் தொடங்கினாள். நான் வெளியே வெயிலில் நின்று கடைசி வரைக்கும் கேட்டேன். அவள் ஒரு இடத்திலும் மூச்சுக்காக நிற்கவில்லை.