இன்னாசிமுத்துவின் பௌர்ணமி

எங்கள் கிள்ளான் தேவாலயத்தில் பாதர் பிரசங்கத்தை மறந்தாலும் மறப்பார், என் பக்கத்து வீட்டு இன்னாசிமுத்து நாள் கணக்கை மறக்கமாட்டார். மார்ச் 25 மரியாளுக்குத் தேவதூதர் சேதி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணித்தான் கிறிஸ்துமஸ் வந்தது என்று, காப்பி குடிக்க வந்தவனையெல்லாம் உட்காரவைத்துச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவர் மகள் ஷாமினிக்கும் ஜீவனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பையன் வீட்டார் இந்துக்கள். ஷாமினியின் ஆசைக்காகத் தேவாலயத்தில் நடத்தச் சம்மதித்தவர்கள். ஜீவனின் அம்மா சீதாலெட்சுமி ஒரு முகூர்த்த நாளைச் சொல்லப்போக, இவர் குதித்தார்.

"நல்ல நாள் கெட்ட நாளெல்லாம் மூடநம்பிக்கைலா சம்பந்தி! ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல கல்யாணம் கூடாது, அது முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். 2019 ஈஸ்டரை நான் கணக்குப் போட்டுட்டேன்."

மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமி மார்ச் 21, ஈஸ்டர் 24. ஆகவே நான்கு வாரம் தள்ளி, ஏப்ரல் 20 சனிக்கிழமை கல்யாணம். பௌர்ணமியை எதில் பார்த்தார்? பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கி, பைபிளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பஞ்சாங்கத்தில்!

பாதரிடம் கேட்க வேண்டாமா என்றேன்.

"அவருக்கே நான்தான் சொல்லணும்" என்றார். மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் கொடுத்தாயிற்று.

அந்தக் கணக்குப்படி பிப்ரவரி 6 தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கப் போனார். சீனப் புத்தாண்டு இரண்டாம் நாள். தேவாலய கேட் பூட்டியிருந்தது. உடனே பாதருக்குப் போன்.

"திருநீற்றுப் புதனையே மறந்துட்டீங்களா பாதர்?"

"அது மார்ச் 6 அங்கிள். திருச்சபை வானத்து நிலாவைப் பார்க்காது, பழைய அட்டவணையைத்தான் பார்க்கும். அதுல பௌர்ணமி மார்ச் 20. ஒரு நாள் முந்திடுச்சு. அதனால அடுத்த பௌர்ணமிதான் கணக்கு. ஈஸ்டர் ஏப்ரல் 21."

அப்படியென்றால் ஏப்ரல் 20 பெரிய சனி. ஆண்டவர் கல்லறையில் கிடக்கும் நாளில் கெட்டிமேளம்! முடியவே முடியாது என்றுவிட்டார் பாதர்.

சீதாலெட்சுமி நேரிலேயே வந்தார். "நாங்க நாள் பார்க்க ஐயரைக் கேக்குறோம். நீங்க பாதரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஷாமினி சிரிக்கவில்லை. அழைப்பிதழ் வாங்கிய முன்னூறு பேருக்கும் அவள்தான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு போனுக்கும் அவள் முகம் செத்ததைப் பார்த்தபோது எனக்கே அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வந்தது.

புது அழைப்பிதழை, ஊராருக்குக் கொடுப்பதுபோல் உறையில் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"தேதியை நானே பாதர்கிட்ட கேட்டு வச்சிட்டேன்பா. நீங்க வந்தா போதும்."

அவள் உள்ளே போன பிறகு, உறையைப் பிரிக்காமலே இன்னாசிமுத்து என்னிடம் மெல்லக் கேட்டார், கல்யாணம் என்றைக்கு என்று.