கோலத்துக்காகக் கேட்ட ரோடு

மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் எங்கள் எதிர்வீட்டில்தான் என் சிநேகிதி இருந்தாள். தெருவிலேயே பள்ளமான இடம் அது. என் வீட்டுக்காவது ஏறிப்போகப் படிகள் உண்டு, அவள் வீட்டுக்கு வாசற்படி மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாநில அரசு திட்டப் பணத்தில் ஒரு பங்கை வார்டுகளுக்கே கொடுத்து, என்ன வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் என்றது. பள்ளிக்கூடத்தில் கூட்டம். ரோடு பற்றிப் பேச ஒரு வகுப்பறை, மழைத்தண்ணீர் வடியும் ஓடை பற்றிப் பேச இன்னொன்று. எங்கள் தெருப் பெண்கள் மொத்தமாக ரோடு வகுப்பறையில் போய் உட்கார்ந்தோம். காரணம் கோலம். குண்டும் குழியுமான தாரில் ஒரு இழை ஒழுங்காக விழவில்லை. ஓடை வகுப்பறையில் எங்கள் தெருவிலிருந்து ஈ காக்கை இல்லை. சிநேகிதி எழுந்து மலையாளத்தில் பொரிந்து தள்ளினாள். கான்கிரீட் ரோடு வந்தது.

பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். அவள் வாசலைவிட ரோடு உயர்ந்துவிட்டது. அது யார் கண்ணிலும் படவில்லை. அவள் போட்ட கோலத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியதும் தண்ணீர் அவள் அடுக்களை வரை போயிற்று.

"கோலம் கேட்டேன், குளம் கிடைச்சுது, கேட்டியா!" என்று சிரித்தபடி வாளியால் இறைத்தாள்.

வருஷா வருஷம் இதே கதை. சிரிப்பும் நின்றுபோயிற்று. கடைசியில், ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் வேலை பார்த்த மகன் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். ஒரே ஊர்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் காலையில் கோலமாவு டப்பாவோடு நிமிர்ந்தால் எதிரே பூட்டு. அவள் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவேயில்லை.

சில வருஷம் கழித்து வார்டு கூட்டத்துக்கு ஒரு அதிகாரி வந்தார். மழை இனிப் பழைய மாதிரி பெய்யாது, கொட்டினால் மொத்தமாகக் கொட்டும், தாழ்வான இடங்களுக்கு வார்டே திட்டம் போட்டால் அரசு பணம் தரும் என்றார். தெருப் பெண்கள் அத்தனை பேரையும் ஓடை வகுப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சண்டை போடாத குறைதான். அவள் வாசலை ஒட்டி ஓடை வந்தது.

அடுத்த பெருமழையில் குடையோடு போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. செல்போனில் கூப்பிட்டேன்.

"உள்ளே ஒரு சொட்டு வெள்ளம் கேறல்லேடி. வந்துடு."

"வீட்டை விலை பேசி முடிச்சாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்," என்றாள். பிறகு, "இங்கே எல்லாம் கண்ணாடி ஜன்னல், மழை பெய்யறதே கேக்காது. போனைக் கொஞ்சம் வெளியே நீட்டேன்."

குடைக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் நனைந்தால் கெட்டுவிடும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.