சித்தியின் குருத்தோலைப் பெருமை

துறைமுகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தீபாவளிக்குப் பிளாஸ்டிக் இல்லாத அலங்காரம் பழக்கினார்கள். "எங்கட வீட்டில எப்பவும் குருத்தோலைதான்," என்று கூச்சமேயில்லாமல் தன் கைபேசிக் கமராவுக்குச் சொன்னாள் சித்தி. எனக்கு அருவருத்தது. கிழித்த ஓலையின் பச்சை வாசம் என்னைப் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது.

போரில் பாதை பூட்டி, கடைகளில் ஒன்றும் இல்லாத தீபாவளி. அம்மா குருத்தோலையில் கிளி மடித்து, சீமெந்துப் பைத் தாளில் பூ வெட்டி வாசலெங்கும் கட்டியிருந்தாள். அவளின் தங்கையான இதே சித்தி, கப்பலில் வந்த பிளாஸ்டிக் பூக்களோடு வந்து வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"என்னக்கா, ஓலை கட்டியிருக்கு, செத்த வீடோ?"

அம்மா எல்லாவற்றையும் அவிழ்த்துக் குசினி அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் ஓலையே தொடவில்லை.

"நீயும் சொல்லு பிள்ளை," என்று சித்தி இப்போது கமராவை என் பக்கம் திருப்பினாள்.

"ஓம் சித்தி, குருத்தோலைதான். கட்டினது அம்மா. சிரிச்சது நீங்கள்."